புராத் நதியின் கடைமடை

காதிம் ஒரு பெரிய தட்டை ஏந்திக்கொண்டு கூடத்தில் வரிசையாக வந்தார். தரையில் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒவ்வொருவர் முன்னும் குனிந்து ஒரு டம்ளரை நீட்டினார். பன்னீரும் குங்குமப்பூவும் போட்ட சர்பத். படுக்கையறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த எனக்குக் கதவிடுக்கு வழியாகக் கூடமும் தெரிந்தது, அதன் வாசனையும் வந்தது.

ஜனவரி மாதம். மாண்ட்ரியாலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதி அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. வெளியே மூச்சு உறையும் குளிர். உள்ளே ஹீட்டர் சூட்டில் எல்லோருக்கும் வியர்த்தது. வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸ்களிலிருந்து பனி உருகி நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவர் நடராஜன் முறை வந்தது. காதிம் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு மட்டும் இரண்டு கையாலும் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். இவர் வாங்கினார். பாதி சர்பத் கால்சட்டையில் கொட்டியது. மீதியை அவர் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் இருந்த ஒரு லெபனான் பெரியவர் இவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நம் துக்கத்துக்கு வேற்று மதத்துக்காரர் இப்படி உருகுகிறாரே என்று அவருக்கு ஆச்சரியம். இன்னும் இரண்டு பேர் திரும்பி மரியாதையாகப் பார்த்தார்கள்.

அவர் உருகவில்லை. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அதுவும் தப்பு என்று பிறகு தெரிந்தது.

எதிர்வீட்டு ஆறு

காதிமும் என் கணவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அணை, கால்வாய், குடிநீர்க் குழாய் என்று உலகம் முழுக்கத் திட்டம் போட்டுக் கொடுக்கும் பொறியாளர் கம்பெனி. காதிம் ஈராக்காரர். அவர் மனைவி ஸஹ்ரா. எங்கள் கதவைத் திறந்தால் அவர்கள் கதவு.

நானும் ஸஹ்ராவும் சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து ஜான்-டலோன் சந்தைக்குப் போவோம். வெண்டைக்காய் முற்றலா இளசா என்று நான் நுனியை ஒடித்துப் பார்க்க, கடைக்காரர் பிரெஞ்சில் சத்தம் போடுவார். ஸஹ்ரா அரபியில் பதில் சத்தம் போடுவாள். யாருக்கும் எதுவும் புரியாது. வெண்டைக்காய் மட்டும் இளசாக வந்துவிடும்.

அவர்களோடு நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர்கள் வீட்டுச் சுவரில் படமோ, நாள்காட்டியோ கிடையாது. ஒரு பெரிய வரைபடம்தான். அதில் ஒரு நதியைக் காதிம் பேனாவால் தடித்து வரைந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் யூப்ரடீஸ் என்று படித்த நதி. அவர்களுக்கு அது புராத்.

விருந்தாளி யார் வந்தாலும் காதிம் விரலை எடுத்துக்கொண்டு துருக்கி மலைக்குப் போய்விடுவார். அங்கே பனி உருகி இரண்டு கிளையாகப் பிறக்கிறது. இரண்டும் சேர்ந்து மலையைக் குடைந்துகொண்டு இறங்கி, சிரியாவின் வறண்ட பூமியைக் கடந்து, ஈராக்குக்குள் நுழைகிறது. பாதி வழிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஓர் உபநதி கிடையாது. மேலே விட்டால்தான் கீழே தண்ணீர். ஹிந்தியா என்ற இடத்தில் ஒரு தடுப்பணை. அங்கே மறுபடியும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கூஃபா வழியாகப் போகிறது. அதற்குக் கீழே ஷாமியா. அங்கே விரல் நின்றுவிடும்.

"இது என் அப்பாவின் வயல்" என்பார். வரைபடத்தில் அந்த இடம் தொட்டுத் தொட்டு வெளுத்திருந்தது.

ஷாமியாவில் விளைவது அம்பர் என்ற வாசனை நெல். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஸஹ்ராவுக்கு ஒரு பை அரிசி வரும். அவள் உலையில் போட்டால் எங்கள் வீட்டுக் கதவிடுக்கு வழியாக மணக்கும். என் கணவர் சாப்பிடும்போது எழுந்துபோய் மூக்கைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு வருவார்.

சொர்க்கத்திலிருந்து இறங்கும் துளி

ஸஹ்ராவுக்குப் பூகோளம் வேண்டாம். அவளுடைய நதி வேறு.

பூமியில் ஓடும் நாலு நதிகள் சொர்க்கத்தைச் சேர்ந்தவை என்று நபிமொழி உண்டாம். நைல் ஒன்று, புராத் ஒன்று. தினமும் சொர்க்கத்திலிருந்து சில துளிகள் புராத்தில் விழுகின்றன என்று அவள் அம்மா சொல்லுவாளாம். அதனால் பிறந்த குழந்தையின் அண்ணத்தில் அந்தத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். அந்தக் குழந்தைக்கு நபியின் குடும்பத்தின் மேல் அன்பு வரும்.

"இது எங்கள் ஊர்ச் சேனைதான்!" என்றேன். நம்மிடமும் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும், வைத்தவர் குணம் வரும் என்று சொல்லுவதும் உண்டே.

என் மகள் மாண்ட்ரியால் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது சேனை வைக்க எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் இல்லை. ஸஹ்ரா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வந்தாள். தனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காக ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீர். கல்யாணமாகி வருடங்கள் ஆகியும் அவளுக்கு அந்தக் குழந்தை பிறக்கவில்லை. "வைக்கட்டுமா?" என்று கூச்சத்தோடு கேட்டாள்.

நான் கணவரைப் பார்த்தேன். "நல்ல ஆத்துத் தண்ணி. வைக்கச் சொல்லு" என்றார். என் மகள் முதலில் ருசித்தது புராத்தை.

அந்த நதியைப் பற்றி இன்னொரு நபிமொழியும் உண்டு. அதைச் சொன்னவர் காதிம். ஒரு காலத்தில் புராத் வற்றும். அடியில் தங்கமலை ஒன்று தெரியும். ஜனங்கள் அதற்காக அடித்துக்கொண்டு சாவார்கள். அங்கே இருப்பவன் அதிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது.

"தண்ணீரை விட்டுவிட்டு யாராவது தங்கத்துக்குச் சண்டை போடுவார்களா?" என்று கேட்டார் என் கணவர். தஞ்சாவூர்க்காரர் வேறு எப்படிக் கேட்பார்? காதிமுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைமடைக்காரர்

என் கணவர் வெறும் தஞ்சாவூர்க்காரர் இல்லை. கடைமடைக்காரர். திருத்துறைப்பூண்டிக்கும் கீழே, வாய்க்கால் முடியும் இடம். காவேரி அங்கே வந்து சேரும்போது அதற்கே களைத்துப்போயிருக்கும். தலைமடைக்காரன் நடவு முடித்துக் களை எடுக்கும்போது இவர்கள் நாற்று விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் எப்படி வருகிறது, ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இவர் பொறியியலே படித்தார்.

மைசூர்க்காரர்களோடு போட்ட ஐம்பது வருட ஒப்பந்தம் முடியப்போகிறது, இனி என்ன ஆகுமோ என்று அப்போது இங்கே இருந்த தமிழர்கள் கூடுமிடமெல்லாம் பேச்சு. தலைமடையில் உட்கார்ந்து மடையை அடைப்பவனை இவர் திட்டும் வார்த்தைகளை ஒரு வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

இலை உதிரும் காலத்தில் ஒருநாள் அவர் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தார். முகம் பளபளவென்று இருந்தது. தனியாகப் பொறுப்பேற்றுச் செய்யும் வேலை முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. முடித்தால் பதவி உயரும். புறநகர் பியர்பொன்ட்ஸில் ஒரு தோட்டம் வைத்த வீடு பார்த்துவிட்டு வந்திருந்தோம், அதுவும் கைகூடும்.

"என்ன வேலைங்க?"

"ஒரு அணை கட்டிட்டு இருக்காங்க. எவ்வளவு சீக்கிரம் நிரப்பலாம்னு கணக்குப் போடணும்."

"எந்த ஆறு?"

அவர் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "யூப்ரடீஸ்."

அப்போது துருக்கியிலும் சிரியாவிலும் அந்த நதியில் அணைகள் எழுந்துகொண்டிருந்தன. எது என்று சொல்லமாட்டேன். எங்கள் கம்பெனி அதில் கட்டெறும்பு கூட இல்லை; யாரோ ஒரு பெரிய கம்பெனிக்கு யாரோ கொடுத்த வேலையில் ஒரு துண்டு இங்கே வந்திருந்தது.

சமையலறை மேஜையில் வரைதாளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் சாயங்காலம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டேன்.

"கீழே எவ்வளவு விடுவாங்க?"

"அது அவங்க குடுத்த அளவு. அதை வெச்சுத்தான் நான் போடணும்."

"கம்மியா?"

"ரொம்பக் கம்மி."

"காதிம் அப்பா அங்கதானே நெல்லு..."

"எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் போடலைன்னா அடுத்த மேஜைக்காரன் போடப்போறான். ஆத்தை நானா அடைக்கிறேன்?"

பொங்கலுக்கு முன்னாலேயே, கிறிஸ்துமஸ் விடுமுறை விடுவதற்குள், அறிக்கை போய்விட்டது. பதவி உயர்வும் வந்தது. ஆபீஸ் ரகசியம் என்பதால் காதிமிடம் இவர் வாய் திறக்கவில்லை. அவரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் ஸஹ்ரா கதவைத் தட்டி, "எங்கள் துக்கநாள். நீங்கள் இரண்டு பேரும் வரவேண்டும்" என்றாள்.

தாகம்

துக்கநாள் என்றால் ஆஷுரா. நம் ஊரில் மொகரம்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதை அல்லாசாமி பண்டிகை என்பார்கள். ஊரில் முஸ்லிம்கள் ஒன்றிரண்டு குடும்பம்தான். கை உருவம் வைத்த பஞ்சா எடுப்பதும் தீ மிதிப்பதும் எல்லாம் நாங்களே. தெருவுக்குத் தெரு பானகம் கொடுப்பார்கள். நான் வயிறு முட்டக் குடித்திருக்கிறேன். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டதில்லை. பண்டிகை என்றால் பானகம், அவ்வளவுதான்.

எதற்கு என்பதை மாண்ட்ரியாலில் ஒரு படுக்கையறையில் தெரிந்துகொண்டேன். கூடத்தில் ஒரு பாகிஸ்தான் மாணவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நபியின் பேரர் இமாம் ஹுசைனைக் கூஃபா நகரத்தார் வா வா என்று அழைத்தார்கள். அவர் குடும்பத்தோடு புறப்பட்டார். வழியில் அவரை மறிக்க ஒரு படை வந்தது. பாலைவனத்தில் தாகத்தோடு வந்த அந்தப் படைக்கு அவர் தம்மிடம் இருந்த தண்ணீரைக் கொடுத்தார். குதிரைகளுக்கும் கொடுத்தார். பிறகு கர்பலாவில் அவரை வளைத்து, புராத்தின் கரையில் காவல் போட்டு, அவர் கூடாரத்துக் குழந்தைகளுக்குத் தண்ணீர் போகாமல் தடுத்தார்கள். அவர் தம்பி அப்பாஸ் காவலை உடைத்துக்கொண்டு நதிக்குள் இறங்கினார். ஒரு கை தண்ணீர் அள்ளினார். குழந்தைகளின் தாகம் நினைவுக்கு வந்தது. குடிக்காமல் கையைக் கவிழ்த்தார். தோல்பையை நிரப்பிக்கொண்டு திரும்பும் வழியில் வெட்டுப்பட்டு விழுந்தார். பிறகு இமாமும் கொல்லப்பட்டார்.

அழைத்த கூஃபாக்காரர்கள் வரவில்லை.

ஆண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஸஹ்ரா மார்பில் மெல்ல அடித்துக்கொண்டே அழுதாள். இது முடிந்த கையோடுதான் காதிம் தட்டோடு வந்தார். ஆற்றை அடைக்கக் கணக்குப் போட்ட மனிதர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அந்த டம்ளரை எப்படிக் குடிப்பார்?

ஸஹ்ராவுக்கு அழுகை அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காதிமுக்கு ஆபீசில் மதிப்பில்லாமல் போய்விட்டது, தெரியுமா? சாக்கடைக் குழாய்ப் பிரிவில் போட்டுவிட்டார்கள். எங்கள் நதியில் ஏதோ வேலை வந்ததாம். செய்யமாட்டேன் என்று அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருக்கிறது. யார் வாங்கிச் செய்தார்கள் என்று கேட்டேன். தெரியாது என்கிறார்."

குழந்தை அழுகிறது என்று பொய் சொல்லி எழுந்தேன்.

"தெரியும் எண்டெல்லே நினைச்சன்"

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் நம்பவில்லை. உடனே சிவஞானத்துக்குப் போன் செய்தார். சிவஞானம் யாழ்ப்பாணத்துக்காரர், அதே ஆபீசில் வரைபடம் வரைபவர். நானும் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

"ஓம் அண்ணை. முதல்லை அவரிட்டைத்தான் குடுத்தவை. அவர் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். பேந்துதான் உங்களிட்டை வந்தது."

"என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே!"

"உங்களுக்குத் தெரியும் எண்டெல்லே நினைச்சன். நீங்கள் கணக்குப் போட்டது அவருக்கும் தெரியும். நான் படம் கீறிக்கொண்டிருக்கேக்கை வந்து பாத்தவர். ஒண்டும் கதைக்கேல்லை, போயிட்டார்."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரிஞ்சு குடுத்திருக்கான். ரெண்டு கையால" என்றார்.

அதன் பிறகு எங்கள் குடும்பம் நடைபாதையில் திருடர்களைப் போல நடமாடியது. எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இவர் பூட்ஸ் போடாமல் உள்ளேயே நிற்பார். நான் லிப்டை விட்டுவிட்டுக் குழந்தையோடு படியிறங்குவேன். ஸஹ்ரா சந்தைக்குக் கூப்பிட்டால் எனக்குத் தலைவலி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கோடை வந்தது. பத்திரிகைகளில் உள்பக்கத்தில் சின்னதாகச் செய்தி: புராத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆற்றின் கீழே உள்ள நாடும் மேலே உள்ள நாடும் சண்டைக்கு நிற்கின்றன. ஊரிலிருந்து காதிமின் தம்பி பேசினார். ஆற்றை நடந்தே கடக்கிறார்களாம். பம்புக் குழாய்களின் வாய் அந்தரத்தில் தொங்குகிறதாம். இந்த வருடம் நெல் விதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஸஹ்ரா நடைபாதையில் நின்று என்னிடம் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் சட்டையை மாற்றிக்கொண்டார். "வா. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார்.

இரண்டு பேர்

காதிம் சமையலறையில் உட்காரவைத்தார். இவர் சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கணக்கை நான்தான் போட்டேன்" என்றார்.

ஸஹ்ரா கையிலிருந்த தேநீர்க் குவளையை மேஜையில் வைத்தாள்.

"தெரியும்" என்றார் காதிம்.

"தெரிந்துமா என்னை அன்றைக்குக் கூப்பிட்டீர்கள்?"

"அந்த நாளில் வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்போம். யார் என்று கேட்பதில்லை."

"என்னைத் திட்டுங்கள். தேவலை."

காதிம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு என்ன தகுதி? அந்த வேலை முதலில் என் மேஜைக்கு வந்தது. கீழே விடும் தண்ணீர் என்று போட்டிருந்த அளவைப் பார்த்தேன். அக்கிரமம். ஷாமியாவில் எந்த மாதம் எவ்வளவு வேண்டும் என்று அந்தக் கட்டிடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இருந்து சண்டை போட்டிருக்கலாம். இந்த அளவு போதாது என்று எழுதியாவது வைத்திருக்கலாம். நான் என் கையில் அழுக்குப் படக்கூடாது என்று பார்த்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து இவளிடம் பெருமை பேசினேன். உங்களிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்."

திரும்பி எங்களைப் பார்த்தார். "கூஃபாவில் எல்லோருமா ஹுசைனுக்கு எதிராக வாள் எடுத்தார்கள்? பாதிப்பேர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள்தான். நான் அந்த ஊர்க்காரன்."

இரண்டு ஆண்களும் தலை குனிந்துகொண்டார்கள். என் மகள் மேஜைக்கு அடியில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஸஹ்ராதான் பேசினாள். அவள் முகம் நான் அதுவரை பார்க்காத முகமாக இருந்தது.

"இரண்டு பேரும் வெட்கப்பட்டு முடித்தாயிற்றா? என் மாமனாருக்கு வயலில் தண்ணீர் இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது கணக்குதானே? போடுங்கள்."

தேநீர்க் குவளைகளை எடுத்து மேஜையைக் காலி செய்தாள்.

போட்டார்கள். பல வாரம் போட்டார்கள். ஷாமியாவின் கடைசி வயல் வரை தண்ணீர் போக மேலே எவ்வளவு விடவேண்டும், அப்படி விட்டால் அணை நிரம்ப எத்தனை காலம் கூடும் என்று ஒரு புது அறிக்கை. மேலதிகாரி, "இதை யாரும் கேட்கவில்லையே" என்றார். கேட்காவிட்டாலும் அனுப்புங்கள் என்று இவர் அவர் அறையில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. யாராவது பிரித்தார்களா என்றுகூடத் தெரியாது. கோடை முடிவதற்குள் அரசாங்கங்கள் தங்களுக்குள் பேசி ஏதோ சமாதானம் செய்துகொண்டன. கொஞ்சம் தண்ணீர் விட்டார்கள். அதற்குள் விதைப்புக் காலம் போய்விட்டது. வாசனை நெல் விளைந்த வீட்டில் அந்த வருடம் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் காதிம் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது நாங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டைப் பற்றி யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இவர் பேச்சை மாற்றிவிடுவார்.

கட்டிய பெட்டி ஒன்றின் மேலேயே காதிம் உட்கார்ந்தார். "அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். உங்களைப் பற்றியும், என்னைப் பற்றியும்" என்றார்.

இவர் கையில் இருந்த கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்ன சொன்னார்?"

"உங்கள் மேல் அவருக்குக் கோபமே இல்லை. 'அந்த இந்தியன் வேறெங்கோ பிறந்தவன், அவன் வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்தான். நீ இந்தத் தண்ணீரில் வளர்ந்தவன், நீ என்ன செய்தாய்?' என்று கேட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை."

காதிம் போன பிறகு இவர் கயிற்றை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். பெரியவர் மன்னித்துவிட்டாரே, இனியாவது மனசு ஆறட்டும் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வேறெங்கோ பிறந்தவனாம்" என்றார். "நான் கடைமடைக்காரன்னு அவருக்கு யாரும் சொல்லலை போலிருக்கு. தெரிஞ்சிருந்தா என்கிட்டேயும் அதையேதான் கேட்டிருப்பார்."